லோட்டஸ் கார்ல்டன்: விற்காமல் போனதால் அரிதான கார்

வாக்ஸால் கார்ல்டன் என்பது பிரிட்டனில் 1980-களின் இறுதியில் ஆபீஸ் மேனேஜர்களுக்குக் கம்பெனி வாங்கிக் கொடுக்கும் ரகக் கார். இதே வண்டி ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் ஓப்பல் ஒமேகா என்ற பெயரில் ஓடியது. பெரிய டிக்கி, அகலமான பின்சீட்டு, காற்றைக் கிழித்துப் போகும் வழவழப்பான உடல். 1987-ல் 'ஐரோப்பாவின் சிறந்த கார்' விருதும் வாங்கியது. நல்ல வண்டிதான். ஆனால் யாரும் சுவரில் படமாக ஒட்டிவைக்கிற வண்டி இல்லை.

இதை எடுத்துத்தான் மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் காராக மாற்றினார்கள். அன்றைக்கு அந்த வேகத்தைத் தொட்ட கார்கள் பெரும்பாலும் இரண்டு பேர் மட்டும் உட்காரும், தரையை ஒட்டிப் படுத்திருக்கும் இத்தாலிய வண்டிகள். இதிலோ குடும்பத்தோடு ஏறி, பெட்டிகளை டிக்கியில் போட்டுக்கொண்டு போகலாம்.

இப்படி ஒரு கார் பிறந்ததற்குக் காரணம் ஒரு கம்பெனிக் கொள்முதல். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1986-ல் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியான லோட்டஸை வாங்கியது. ஓப்பலும் வாக்ஸாலும் ஏற்கெனவே அதன் பிள்ளைகள். ஆக, ஜெர்மனியின் ரூசெல்ஸ்ஹைம் தொழிற்சாலையும், இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஹெதல் என்ற ஊரில் பழைய போர்க்கால விமானத் தளத்தில் இயங்கிய லோட்டஸும் திடீரென்று ஒரே வீட்டுக்காரர்கள் ஆனார்கள். 1989-ல் ஜெனீவா கார் கண்காட்சியில் மாதிரி வண்டியைக் காட்டினார்கள். 1990-ல் உற்பத்தி தொடங்கியது. 1992 டிசம்பரில் முடிந்தது. 1993-ல் ஜெனரல் மோட்டார்ஸ் லோட்டஸையே விற்றுவிட்டது. நான்கைந்து ஆண்டுகள் முந்தியோ பிந்தியோ இருந்தால் இந்தக் கார் வந்திருக்காது.

செய்த விதம் கொஞ்சம் விசித்திரமானது. ரூசெல்ஸ்ஹைமில் ஒமேகா முழு வண்டியாகவே தயாராகும். அதைக் கப்பலில் ஹெதலுக்கு அனுப்புவார்கள். அங்கே லோட்டஸ் ஆட்கள் அந்தப் புத்தம்புது வண்டியைப் பிரித்துப்போட்டு, அகலமான டயர்கள் உள்ளே போகும்படி சக்கர வளைவுகளை வெட்டி விரித்து, எஞ்சினை மாற்றி, மறுபடி கோத்தார்கள். ஒரு முறை கட்டிய காரை இன்னொரு முறை கட்டுவது. செலவு எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் பிள்ளைகள் தலையில் கை வைத்திருப்பார்கள்.

எஞ்சினில்தான் லோட்டஸின் கைவேலை அதிகம். ஒமேகாவின் வேகமான ரகத்தில் இருந்தது 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 24 வால்வு எஞ்சின், 204 குதிரைத்திறன். லோட்டஸ் சிலிண்டரின் விட்டத்தைத் தொடவில்லை. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை மட்டும் 69.8 மில்லிமீட்டரிலிருந்து 85 மில்லிமீட்டராகக் கூட்டினார்கள். கொள்ளளவு 3,615 கன சென்டிமீட்டராக உயர்ந்தது. இதற்குப் புதிய கிராங்க்ஷாஃப்ட் வேண்டும், வார்ப்பதற்குப் பதிலாக அடித்து உருவாக்கிய பிஸ்டன்கள் வேண்டும், கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும்படி எஞ்சின் பிளாக்கையும் கெட்டிப்படுத்த வேண்டும். எல்லாம் செய்துவிட்டு, இரண்டு டர்போக்களைப் பூட்டினார்கள்.

ஒரு பெரிய டர்போ வைத்திருக்கலாமே? டர்போ என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று, உள்ளே போகும் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி. பெரிய டர்போ கனமானது. சுழன்று வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். அதுவரை ஓட்டுகிறவர் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு சிறிய டர்போக்கள் வைத்தால் அந்தத் தாமதம் குறையும். அழுத்தப்பட்ட காற்று சூடேறும், சூடான காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறையும் என்பதால், அதைத் தண்ணீரால் குளிரவைக்கும் தனி அமைப்பையும் சேர்த்தார்கள். முடிவில் கிடைத்தது 377 குதிரைத்திறன், 568 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இந்த விசையைத் தாங்கும் கியர்பாக்ஸ் ஓப்பலிடம் இல்லை. அமெரிக்கச் சகோதரனான கார்வெட் இசட்ஆர்-1 காரில் இருந்த ஜெட்எஃப் கம்பெனியின் ஆறு கியர் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். பிரேக்குகள் பந்தய வண்டிகளுக்குச் செய்யும் ஏபி ரேஸிங்கிடமிருந்து. பாரம் ஏறினாலும் பின்பக்கம் தொய்யாத டாம்பர்கள் ஓப்பல் செனட்டர் காரிலிருந்து.

நிறம் ஒன்றே ஒன்று: 'இம்பீரியல் கிரீன்'. நிழலில் கறுப்பாகத் தெரியும், வெயிலில்தான் பச்சை என்று புரியும்.

பிறகுதான் வம்பு. அன்று பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ் போன்ற ஜெர்மன் கம்பெனிகள் தங்கள் கார்களின் வேகத்தை 250 கிலோமீட்டரில் கட்டுப்படுத்துவது என்று தங்களுக்குள் ஓர் உடன்பாட்டில் இருந்தன. லோட்டஸ் கார்ல்டனில் அந்தக் கடிவாளம் கிடையாது. பிரிட்டன் நெடுஞ்சாலையில் சட்டப்படி போகக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 70 மைல், அதாவது 112 கிலோமீட்டர். அதைவிட இரண்டரை மடங்கு வேகம் போகும் குடும்பக் காரை யாருக்கு விற்கிறீர்கள் என்று பத்திரிகைகள் கேட்டன. காவல்துறை உயரதிகாரிகளின் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. கம்பெனி அசையவில்லை. இரண்டு சீட்டு ஃபெராரி அதே வேகத்தில் போனபோது இவர்களில் பலர் வாய் திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாக்ஸால் என்ற சாதாரணப் பெயரோடு அந்த வேகம் வந்ததுதான் பலருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

1993-ன் இறுதியில் இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் வட்டாரத்தில் திருடப்பட்ட லோட்டஸ் கார்ல்டன் ஒன்றில் ஒரு கும்பல் இரவில் கடைகளை உடைத்து சிகரெட்டும் மதுவும் அள்ளிக்கொண்டு போனது. துரத்திய போலீஸ் வண்டிகளால் கிட்டவே போக முடியவில்லை. எதிர்த்தவர்களுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைத்திருக்காது, ரசிகர்களுக்கும்தான்.

இனி எண்ணிக்கை. திட்டமிட்டது 1,100 கார்கள். செய்தது 950. இதில் வலப்பக்க ஸ்டியரிங் வைத்து வாக்ஸால் பெயரில் வந்தவை 320, இடப்பக்க ஸ்டியரிங் வைத்து ஓப்பல் பெயரில் வந்தவை 630. இதே காலத்து பி.எம்.டபிள்யூ எம்5 பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டது. போர்ஷேயின் உதவியோடு வந்த மெர்சிடிஸ் 500இ பத்தாயிரத்தைத் தாண்டியது. அவற்றோடு பார்த்தால் லோட்டஸ் கார்ல்டன் கைப்பிடி அளவு.

ஆனால் இந்த அருமை யாரும் திட்டமிட்டுக் கொண்டுவந்ததில்லை. சில கார்கள் விதிக்காகவே அளந்து செய்யப்படுகின்றன. மெர்சிடிஸ் 190இ எவல்யூஷன் 2 என்ற செடான் 502 மட்டுமே வந்ததற்குக் காரணம், பந்தயத்தில் ஓட அனுமதி வேண்டுமானால் 500 கார்களாவது செய்திருக்க வேண்டும் என்ற விதி. லோட்டஸ் கார்ல்டன் அந்தக் கணக்கில் வராது. 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பொருளாதார மந்தம். விலை 48,000 பவுண்டு. அவ்வளவு பணம் வைத்திருந்தவர், கிரில்லில் வாக்ஸால் சின்னம் இருக்கும் காரைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தத் தயங்கினார். விற்பனை மந்தமானது, உற்பத்தி நின்றது. 150 கார்கள் கடைசிவரை பிறக்கவே இல்லை. இன்று ஏலத்தில் கையை உயர்த்துகிறவர்கள், அன்று யாரும் வாங்க முன்வராத காருக்குத்தான் கையை உயர்த்துகிறார்கள்.

தயாரித்த தேதிக்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்கச் சட்டப்படி, அந்த நாட்டின் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பச் செய்யப்படாத வெளிநாட்டுக் கார், தயாரித்து 25 ஆண்டு முடிந்த பிறகுதான் தடையின்றி உள்ளே வர முடியும். கனடாவில் 15 ஆண்டு போதும். எனவே கனடாவின் கதவு 2005-லிருந்து 2007-க்குள்ளும், அமெரிக்காவின் கதவு 2015-லிருந்து 2017-க்குள்ளும் இந்தக் கார்களுக்கு ஒவ்வொன்றாகத் திறந்தது. இங்கே கணக்கு, முதன்முதலில் பதிவுசெய்த தேதியில் இல்லை. தொழிற்சாலையைவிட்டு வந்த மாதத்தில். மந்தமாக விற்ற எந்தக் காரிலும் இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே நல்ல இடைவெளி விழுந்திருக்க வாய்ப்புண்டு. வாங்குகிறவர் பதிவுப் புத்தகத்தை மட்டும் நம்பாமல் அடிச்சட்ட எண்ணையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வாங்கியாகிவிட்டது, பராமரிப்பது எப்படி? முதல் எதிரி துரு. இந்தத் தலைமுறை ஒமேகாவுக்கே பின்சக்கர வளைவிலும் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பிலும் துரு பிடிக்கும் குணம் உண்டு. லோட்டஸ் அந்த வளைவுகளை வெட்டி, மேலே அகலமான உறை போட்டு மூடியது. உறைக்குள் ஈரமும் சேறும் தங்கினால், வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு பொடிந்துகொண்டிருக்கும். குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் உப்புக் கொட்டும் நாடுகளில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே பானெட்டைத் திறந்து எஞ்சினை ரசிப்பதற்கு முன்னால், டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுப்பது நல்லது.

எஞ்சினில் வால்வுகளை இயக்கும் சங்கிலியும் அது ஓடும் தடங்களும் அதை இறுக்கிப் பிடிக்கும் பாகமும் தேயும். ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்தில் கலகல சத்தம் கேட்டால் தள்ளிப்போடக் கூடாது. டர்போவுக்கு நல்ல ஆயில் உயிர். குறித்த காலத்துக்கு முன்பே மாற்றினால் தப்பில்லை. வேகமாக ஓட்டிவிட்டு வந்ததும் சாவியைத் திருப்பி அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் நின்றுபோன ஆயில் தாங்கிகளில் கரிந்து படியும். காற்றைக் குளிரவைக்கும் தண்ணீர் அமைப்புக்கும் ஒரு பம்ப் உண்டு, அது சத்தமில்லாமல் செத்துப்போகலாம். வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், கொஞ்சம் மந்தமாக.

ஓட்டாமல் மூடிவைத்தால் பத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. நின்றே இருக்கும் காரில் பிரேக் இறுகும், ரப்பர் குழாய்கள் விறைக்கும், டயர் தேயாமலே கிழடாகும். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய கார்களின் ரப்பரையும் சீல்களையும் அது அரிக்கும் என்பதால், இந்த வயதுக் கார்களுக்கு எத்தனால் குறைந்த உயர்ரக பெட்ரோலே போட வேண்டியிருக்கிறது.

உதிரிபாகக் கதைதான் எல்லாவற்றிலும் சிக்கல். பிஸ்டன், கிராங்க்ஷாஃப்ட், பம்பர், அகல உறை எல்லாம் லோட்டஸுக்கென்றே செய்தவை. 950 காருக்குச் செய்த பாகம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இது எதிர்பார்த்தது. எதிர்பாராதது வேறு: கதவு, கண்ணாடி, விளக்கு, சுவிட்சு, ஒயர் இணைப்பு போன்றவை சாதாரண கார்ல்டனிலும் ஒமேகாவிலும் இருப்பவை. அவை லட்சக்கணக்கில் ஓடிய காலத்தில் காயலான் கடைக்குப் போனால் அள்ளிக்கொண்டு வரலாம். யாரும் அந்தச் சாதாரண வண்டிகளைப் போற்றிப் பாதுகாக்கவில்லை. துருவேறியதும் நசுக்கினார்கள். 2009-ல் பழைய காரைக் கொடுத்துப் புதுக் கார் வாங்கினால் ஜெர்மனி அரசு 2,500 யூரோ கொடுத்தது. பிரிட்டனில் 2,000 பவுண்டு கிடைத்தது. இந்த வயது வண்டிகளுக்கு அது கடைசி அழைப்பு. இன்று பிரிட்டன் சாலையில் சாதாரண கார்ல்டனைப் பார்ப்பதே அபூர்வம்.

விளைவு, ஆயிரத்துக்கும் குறைவாக எஞ்சிய காரின் சொந்தக்காரர், ஒரு காலத்தில் எங்கும் கிடைத்த கதவுப் பிடிக்காகத் தவிக்கிறார். டர்போவைப் புதுப்பிக்க நிபுணர் இருக்கிறார். பிஸ்டனைப் பணம் கொடுத்தால் புதிதாக அடித்துத் தருவார்கள். டேஷ்போர்டின் ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு மட்டும் வார்ப்பு அச்சு செய்ய யாரும் வரமாட்டார்கள். இடமும் பணமும் உள்ளவருக்கு என் யோசனை: லோட்டஸ் கார்ல்டனை வாங்கிய கையோடு, ஓடாத நிலையில் இருந்தாலும் சரி, ஒரு சாதாரண கார்ல்டனையும் தேடிப் பிடித்துக் கொட்டகையில் போட்டுவையுங்கள். இரண்டாவதைத் தேடத்தான் அதிக நாளாகும்.