வேலூர் ஆய்வுக்கூடம் சொன்ன செய்தி



சத்துவாச்சாரியில் வாழும் நாம் காய்ச்சல் என்றாலும் கட்டி என்றாலும் சி.எம்.சி.க்கு ஓடுகிறோம். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது முதன்முதலில் அங்கேதான் தெரியவந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1986 பிப்ரவரி. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் இரத்தம் சேகரித்திருந்தார். வைக்க வேறு இடமில்லாமல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே அதைப் பாதுகாத்தார். அன்று சென்னையில் எலைசா சோதனை வசதி இல்லை. ஐஸ் பெட்டியோடு அவரும் கணவரும் இரவு ரயிலேறிக் காட்பாடியில் வந்திறங்கினார்கள். பேராசிரியர் ஜேக்கப் ஜானின் வைரஸ் ஆய்வுத் துறையில் சோதனை நடந்தது. நடுவில் மின்வெட்டு வேறு! இறுதியில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறியிருந்தன. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதை உறுதிசெய்தது.

மருத்துவர்களைப் பாராட்டுகிறோம். இரத்தம் தந்த அந்தப் பெண்களை நினைக்கிறோமா? எயிட்ஸ் என்றதும் பாவத்துக்குத் தண்டனை என்று தீர்ப்பிட்டுவிடுகிறோம். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இயேசு தொழுநோயாளரைத் தொடுகிறார். நோய் எப்படி வந்தது என்று அவர் விசாரிக்கவில்லை.

2004 ஏப்ரல் முதல் அரசு ஏ.ஆர்.டி. மாத்திரைகளை இலவசமாக வழங்கிவருகிறது. இவை கிருமியை அடியோடு அழிக்காது, பெருகவிடாமல் அடக்கும். தவறாமல் உட்கொண்டு, சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்த நிலை நீடித்தால், தாம்பத்திய உறவின் வழியே துணைவருக்குத் தொற்றாது. கர்ப்பிணித் தாய் காலத்தோடு சிகிச்சை பெற்றால் குழந்தையையும் பெரும்பாலும் காத்துவிடலாம்.

இதே வழிகளில், இதைவிட எளிதாகப் பரவுவது ஹெபடைடிஸ் பி. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால் 10 குழந்தைகளில் ஏறத்தாழ 9 பேரின் உடலில் நிலைத்துவிடுகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ வரலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசியும், 6, 10, 14ஆம் வாரத் தவணைகளும் இதைத் தடுக்கின்றன. மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி அரைப்பது நம் வழக்கம். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் அதில் நம்பிக்கையூட்டும் முடிவைக் கண்டார்கள். பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. எனவே அதை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். முடிவை இரகசியமாகக் காக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம். திருமணத் தயாரிப்புக்கு வரும் இளையோர் இருவருமே பரிசோதித்துக்கொள்வது நல்லது. முடிவைப் பங்கு அலுவலகத்தில் காட்டத் தேவையில்லை.