செல்லின் தவறான சமிக்ஞையைத் தடுக்கும் மாத்திரை: இமாடினிப்

ஒரு செல் எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை வேதிச் சமிக்ஞைகளே தீர்மானிக்கின்றன. இவற்றைக் கடத்துவதில் ‘கைனேஸ்’ எனப்படும் நொதிகள் முக்கியப் பங்கு வகிக்கின்றன. இச்சமிக்ஞை பிழைபட்டால் புற்றுநோய் தோன்றக்கூடும். நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகும்.

நோய் எவ்வாறு உண்டாகிறது?

எலும்பு மஜ்ஜையிலுள்ள ஒரு செல்லில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி இணைகின்றன. இதனால் ‘பிசிஆர்-ஏபிஎல்’ என்னும் கைனேஸ் உருவாகிறது. இயல்பான கைனேஸ் தேவைக்கேற்ப இயங்கி ஓயும்; இதுவோ ஓய்வின்றி இயங்கி, வெள்ளையணுக்களை அளவின்றிப் பெருகச் செய்கிறது. இந்நோய் தொற்றாது, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவதும் இல்லை.

எவ்வாறு கண்டறியப்படுகிறது?

சோர்வு, எடை குறைதல், இரவு வியர்வை, மண்ணீரல் வீக்கத்தால் இடப்புற விலாவின் கீழ் கனம் ஆகியவை அறிகுறிகள். பலருக்கு அறிகுறியே இராது. அவிநாசி போன்ற ஊர்களில் வேறொரு காரணத்திற்காகச் செய்யப்படும் முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனையிலேயே வெள்ளையணு மிகுதி தெரிய வரலாம். அந்நிலையில், கோயம்புத்தூர் போன்ற நகரங்களிலுள்ள புற்றுநோய் சிகிச்சை மையத்தை அணுகி, மரபணுப் பரிசோதனை மூலம் நோயை உறுதி செய்ய வேண்டும்.

மருந்து எவ்வாறு செயல்படுகிறது?

கைனேஸ் இயங்க ஏடிபி என்னும் மூலக்கூறு தேவை. அது பொருந்தும் குழியில் இமாடினிப் அமர்ந்து, சமிக்ஞையைத் தடுக்கிறது. அமெரிக்க மருத்துவர் பிரையன் டிரக்கர், மருத்துவப் பயிற்சிக்குப் பின் இளம் ஆய்வாளராக இத்தகைய நொதிகளை ஆராயத் தொடங்கினார். அவரது தலைமையில் 1998இல் நோயாளிகளிடம் சோதனை தொடங்கியது. 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. பன்னாட்டு ஆய்வொன்றில், இம்மருந்துடன் சிகிச்சை தொடங்கியோரில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் 10 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்ததாகக் கணிக்கப்பட்டது.

இம்மருந்தின் ஒரு படிக வடிவத்திற்குக் கோரப்பட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. இதனால் இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் இம்மாத்திரையைத் தொடர்ந்து தயாரிக்க முடிந்தது.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

• மருத்துவர் குறித்த அளவில், உணவுடனும் போதிய நீருடனும் நாள்தோறும் உட்கொள்ளவும்.
• உடல்நலம் தேறிவிட்டது என்று தாமாக நிறுத்த வேண்டாம். மாத்திரை சமிக்ஞையைத் தடுக்கிறதே தவிர, பிழைபட்ட செல்கள் அனைத்தையும் அழிப்பதில்லை. நிறுத்தினால் நோய் மீண்டும் பெருகக்கூடும்.
• கண்ணைச் சுற்றி வீக்கம், தசைப்பிடிப்பு, குமட்டல் ஏற்பட்டால் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.
• கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்க விரும்புவோரும் முன்னரே மருத்துவரிடம் ஆலோசிக்கவும்.
• பிசிஆர்-ஏபிஎல் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையைத் தவறாது செய்துகொள்ளவும். மருந்து பலனளிக்காதபோது டாசாடினிப், நிலோடினிப் போன்ற மாற்று மருந்துகள் உண்டு.

பல ஆண்டுகள் நோய் ஆழ்ந்து அடங்கியிருப்போரில் சிலருக்கு மட்டும், நெருங்கிய கண்காணிப்பில் மருந்தை நிறுத்திப் பார்க்க மருத்துவர் முடிவு செய்யலாம். ஐயங்களுக்குத் தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.