ஆயத்தப் பள்ளியில் கல்வியும் ஆட்டமும் கலையும்

'ஆயத்தப் பள்ளி' என்னும் பெயரைக் கேட்டவுடன் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? பரீட்சைக்கு முன் மாலை வேளைகளில் தனிப்பாடம் சொல்லிக் கொடுக்கும் இடம் என்றே பலரும் எண்ணுவீர்கள். இங்கிலாந்தில் அப்பெயருக்கு வேறு பொருள் உண்டு. அங்கே 7 அல்லது 8 வயது முதல் 13 வயது வரை சிறுவர் பயிலும் தனியார் பள்ளிக்குப் 'பிரிபரேட்டரி ஸ்கூல்' என்று பெயர். சுருக்கமாகப் 'பிரெப் ஸ்கூல்' என்பார்கள். அதனையே நான் ஆயத்தப் பள்ளி என்று சொல்லுகிறேன். அப்பள்ளிகளில் மாணவர் வாழ்க்கை எவ்வாறு அமைந்துள்ளது, படிப்பும் விளையாட்டும் கலையும் அங்கே எவ்வாறு இடம் பெறுகின்றன, அவற்றுள் நாம் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பவற்றைப் பற்றி இன்று சில கூற விரும்புகிறேன்.

ஆயத்தம் என்றால் எதற்கு ஆயத்தம்? ஈட்டன், வின்செஸ்டர், ரக்பி போன்ற புகழ்பெற்ற பெரிய பள்ளிகளில் சேர்வதற்கு ஆயத்தம். அவற்றைப் 'பப்ளிக் ஸ்கூல்' என்று அழைப்பது வழக்கம். பெயரைக் கண்டு பொதுமக்களின் பள்ளி என்று மயங்க வேண்டா. அவை கட்டணம் மிகுந்த தனியார் பள்ளிகளே. ஒரு காலத்தில் சின்னஞ்சிறு பிள்ளைகளும் மீசை அரும்பிய இளைஞர்களும் அப்பெரிய பள்ளிகளின் விடுதிகளில் ஒன்றாகவே தங்கினார்கள். மூத்தவர் இளையவரை ஏவல் கொள்வதும் துன்புறுத்துவதும் அங்கே மலிந்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இளையவரைத் தனியே பிரித்து வளர்ப்பதே நலம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. கடற்கரை ஊர்களிலும் நாட்டுப்புறங்களிலும் பல்கலைக்கழக நகரங்களிலும் சிறு பள்ளிகள் பல தோன்றின. ஆக்ஸ்போர்டில் கல்லூரி ஆசிரியர்கள் தம் பிள்ளைகளுக்கென 1877ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளி அவற்றுள் ஒன்று. அதுவே பின்னர் 'டிராகன் பள்ளி' என்று பெயர் பெற்றது. ஆகவே, ஆயத்தப் பள்ளி பிறந்ததற்குக் காரணம் பாடம் மட்டும் அன்று; சிறுவரைச் சிறுவராகவே நடத்த வேண்டும் என்னும் உணர்ச்சியும் ஒரு காரணம். இதனை நினைவில் கொள்ளுங்கள். பின்னர் இதற்கே மீண்டும் வருவோம்.

முதலில் படிப்பைப் பார்ப்போம். முன்னாளில் இலத்தீன் மொழியே அரியணையில் வீற்றிருந்தது. அதனோடு பிரெஞ்சும் கணிதமும் ஆங்கிலமும் வரலாறும் கற்பித்தார்கள். இக்காலத்தில் விஞ்ஞானம் உரிய இடத்தைப் பெற்றுவிட்டது. இலத்தீனின் ஆட்சி குறைந்துவிட்டது. மாலையில் மாணவர் ஓரிடத்தில் அமர்ந்து மறுநாட் பாடத்தைத் தாமே படிக்கும் நேரமும் உண்டு. அதற்கும் 'பிரெப்' என்றே பெயர்.

இப்படிப்பெல்லாம் சென்று முடியும் வாயில், 1904ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் பொது நுழைவுத் தேர்வு. அதன் அமைப்பு சற்று விந்தையானது. வினாத்தாள் எல்லார்க்கும் ஒன்றே. ஆனால் விடைத்தாளைத் திருத்துவது மாணவன் சேர விரும்பும் பெரிய பள்ளி. தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண் வேண்டும் என்பதையும் அப்பள்ளியே வகுத்துக்கொள்ளும். எனவே ஒரே விடைக்கு ஓரிடத்தில் வாயில் திறக்கலாம், மற்றோரிடத்தில் அடைபடலாம். இது தவிர, உபகாரச் சம்பளத்திற்கென்று இதனினும் கடினமான தேர்வுகளும் உண்டு.

தேர்வு வந்தால் அதன் நிழலும் உடன் வரும். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் நம் நாட்டில், பீகாரிலுள்ள மோதிகாரியில் 1903இல் பிறந்தவர். அவர் 1911 முதல் 1916 வரை ஈஸ்ட்போர்ன் நகரில் ஓர் ஆயத்தப் பள்ளியில் குறைந்த கட்டணத்தில் பயின்றார். உபகாரச் சம்பளம் வென்று பள்ளிக்குப் பெயர் தேடித் தருவான் என்பதற்காகவே தம்மைச் சேர்த்துக்கொண்டதாகவும், வரலாறு என்பது ஆண்டுகளின் பட்டியலாகவே தமக்குப் புகட்டப்பட்டதாகவும் பிற்காலத்தில் மனம் நொந்து எழுதினார். அவருடன் பயின்றவர்களுள் சிலர் அதனை மிகைக்கூற்று என்று மறுத்ததும் உண்டு. மிகையைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் ஓர் உண்மை எஞ்சி நிற்கும். குழந்தையைப் பள்ளிக்கு வெற்றி தேடித் தரும் கருவியாகக் கருதினால், அக்குழந்தை கற்றது எதுவும் அதற்கு இனிக்காது.

இனி விளையாட்டு. இலையுதிர் காலத்தில் கால்பந்தோ ரக்பியோ, அதன்பின் ஹாக்கி, கோடையில் கிரிக்கெட் என்று பள்ளிகள் பருவந்தோறும் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளும். பிற்பகலில் மைதானத்துக்குச் செல்வது விருப்பம் அன்று. கணித வகுப்பைப் போல அதுவும் கால அட்டவணையின் ஒரு பகுதியாகும்.

இங்கே ஒரு சுவையான செய்தி. ஆயத்தப் பள்ளித் தலைமையாசிரியர்களின் சங்கம் 1892ஆம் ஆண்டில் தோன்றியது. அவர்களை ஒன்றுகூட்டிய சிக்கல் யாது என்று நினைக்கிறீர்கள்? இலத்தீன் இலக்கணமா? ஆசிரியர் சம்பளமா? இரண்டும் அல்ல. சிறுவர் ஆடும் கிரிக்கெட் பந்து எந்த அளவில் இருக்கவேண்டும் என்பதே! கேட்பதற்கு நகைப்பாக இருக்கலாம். ஆனால் ஆசிரியத் தொழிலில் ஆண்டு பல கழித்த எனக்கு அது நகைப்பாகத் தோன்றவில்லை. பெரியவர் ஆடும் பந்தின் எடை ஏறத்தாழ 160 கிராம்; சிறுவர் பந்து ஏறத்தாழ 135 கிராம். பெரியவர் ஆடுகளத்தின் நீளம் 22 கெஜம். சிறுவர்க்கு அதனினும் சற்றுக் குறைவு. சின்னக் கைக்குள் அடங்காத பந்தைக் கொடுத்துவிட்டு, 'இவனுக்கு வீசத் தெரியவில்லை' என்று சொல்வது நேர்மையாகுமா? குற்றம் கையில் இல்லை, பந்தில் இருக்கிறது. பாடத்திற்கும் இது பொருந்தும் அன்றோ?

சிறுவர் ஆட்டம்தானே என்று இகழவும் வேண்டா. பிரிஸ்டல் நகரத்துக் கிளிப்டன் கல்லூரியில் 1899ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இளைய மாணவர் இல்லங்களுக்கிடையே ஓர் ஆட்டம் நடந்தது. பள்ளியின் பெரிய குழுக்கள் ஆடிய ஆட்டம் அன்று. எல்லாச் சிறுவர்க்கும் ஆட இடம் வேண்டும் என்பதற்காக நடத்தப்படும் ஆட்டம். அதில் காலின்ஸ் என்னும் 13 வயதுச் சிறுவன் நான்கு நாட் பிற்பகல்களில் ஆட்டமிழக்காமல் 628 ஓட்டங்கள் எடுத்தான். நம் நாட்டு ஹசாரிபாகில் பிறந்தவன் அவன். ஏறத்தாழ 116 ஆண்டுகள் நிலைத்திருந்த அவ்வெண்ணிக்கையை, 2016ஆம் ஆண்டு சனவரியில் பிரணவ் தனவடே என்னும் 15 வயது மாணவர் பள்ளிகளுக்கிடையே நடந்த ஓர் ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 1009 ஓட்டங்கள் எடுத்துக் கடந்தார். சிறந்த 11 பேர் மட்டும் ஆடட்டும், மற்றவர் கைதட்டட்டும் என்று கிளிப்டனில் கருதியிருந்தால், காலின்ஸின் பெயர் இன்று நமக்குத் தெரிந்திருக்குமோ, ஐயமே!

மூன்றாவது கலை. நாடகமும் ஓவியமும் மரவேலையும் இசையும் அப்பள்ளிகளில் நிலைபெற்றுள்ளன. டிராகன் பள்ளியில் சிறுவர்களே சேக்ஸ்பியர் நாடகங்களை நடிப்பது நெடுநாளைய மரபு. எனினும் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது கேம்பிரிட்ஜ் நகரத்துக் கிங்ஸ் கல்லூரிப் பள்ளியின் இசைமரபேயாகும்.

கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் பாடும் 16 சிறுவர்கள் அந்த ஆயத்தப் பள்ளியில் பயில்கிறார்கள். பாடசாலைப் பாடங்களோடு நாள்தோறும் இசைப்பயிற்சியும் அவர்களுக்கு உண்டு. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அங்கே நடைபெறும் வழிபாடு 1918இல் தொடங்கியது. 1928 முதல், ஓராண்டு நீங்கலாக, அது வானொலியில் ஒலிபரப்பாகி வருகிறது. உலகின் பல பகுதிகளிலும் இலட்சக்கணக்கானோர் கேட்கிறார்கள். வழிபாட்டின் தொடக்கத்தில், இசைக்கருவி எதுவும் துணையின்றி, ஒரே ஒரு சிறுவனின் குரல் எழும். அச்சிறுவன் யார்? அதனை முன்கூட்டி அறிவிப்பதில்லை! பலர் அப்பாட்டைப் பயின்று ஆயத்தமாக நிற்பார்கள். ஒலிபரப்புத் தொடங்கும் தறுவாயில் இசை ஆசிரியர் அவர்களுள் ஒருவனைச் சுட்டுவார். அவன் ஒரு மூச்சு இழுத்துப் பாடத் தொடங்குவான்.

முன்பே பெயர் சொல்லியிருந்தால் அந்த ஒருவன் அச்சத்தால் இரவெல்லாம் உறங்கமாட்டான்; மற்றவர் முயற்சியைக் கைவிட்டிருப்பர். சொல்லாமையால் எல்லாரும் பயின்றனர். பாடியவன் ஒருவனே ஆயினும், பாட்டு அத்தனை பேருக்கும் சொந்தமாயிற்று. இதுவன்றோ ஆயத்தம்!

இனி ஒரு மாணவனின் கதையைச் சொல்லுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் பெரிய இசையமைப்பாளருள் ஒருவரான பெஞ்சமின் பிரிட்டன், லோஸ்டாப்ட் என்னும் கடற்கரை ஊரில் 1913இல் பிறந்தவர். அவ்வூரில் இருந்த ஆயத்தப் பள்ளி ஒன்றில் 1928 வரை பயின்றார். கணிதத்தில் வல்லவர், கிரிக்கெட்டில் ஆர்வமுடையவர், மாணவர் தலைவராகவும் விளங்கினார். பள்ளியிலோ இசைக்கு இடம் மிகக் குறைவு. வீட்டில் கிடைத்த நேரத்தில் இசை எழுதிக் குவித்தார். சிறுவயதில் எழுதிய அம்மெட்டுகளைத் தொகுத்தே தம் 20ஆம் வயதில் 'எளிய சிம்பொனி' என்னும் படைப்பை உருவாக்கினார்.

பள்ளியில் அவருடைய கடைசிப் பருவத்தில் 'விலங்குகள்' என்னும் பொருளில் கட்டுரை எழுதப் பணித்தார்கள். சிறுவர் பிரிட்டன் வேட்டையாடுதலைக் கண்டித்து எழுதினார்; உயிர்களைத் துன்புறுத்தும் கொடுமை அனைத்தையும் சாடினார். கிடைத்த மதிப்பெண் எவ்வளவு தெரியுமா? சுழியம்! அச்சிறுவர் வளர்ந்து போரை வெறுப்பவராகவே வாழ்ந்தார். போரில் குண்டுவீச்சால் அழிந்த கவன்ட்ரி தேவாலயத்துக்கு அருகே புதிய தேவாலயம் எழுந்தபோது, 1962இல் அங்கே அரங்கேறிய 'போர் இரங்கல் இசை' அவர் இயற்றியது. சுழியம் பெற்ற கட்டுரையிலே இருந்த அதே உள்ளந்தான் அந்த இசையிலும் பேசியது. சிவப்பு மையால் அதனை அழிக்க இயலவில்லை.

இதைப் படித்தபோது அந்த ஆசிரியர்மீது எனக்குச் சினம் எழுந்தது. மறுகணமே என் பழைய பிழை ஒன்று நினைவுக்கு வந்தது. சினம் அடங்கிவிட்டது.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கணக்கில் மிகவும் பின்தங்கியிருந்தான். ஆண்டு விழா நாடகத்தில் அவனுக்கு அமைச்சர் வேடம் கொடுத்திருந்தார்கள். 'முதலில் கணக்கு, பிறகு நாடகம்' என்று சொல்லி அவனை ஒத்திகையிலிருந்து நீக்கி, அந்நேரத்தில் கணக்குப் போடச் செய்தேன். நன்மை செய்வதாகவே நம்பினேன். விழா இரவில் கூட்டத்தின் ஓரமாக நடந்துசென்றபோது அவன் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கக் கண்டேன். மேடையில் வேறொருவன் அமைச்சராக நின்று பேசிக்கொண்டிருந்தான். இவனுடைய உதடுகள் ஒலியின்றி அசைந்துகொண்டிருந்தன. அமைச்சரின் பேச்சு முழுவதும் அவனுக்கு மனப்பாடம்! கணக்கில் அவன் முன்னேறினானா என்றால், இல்லை. அதுவரை மணியடிக்கும் முன்பே பள்ளிக்கு வந்தவன், அதன்பின் மணியடித்த பின்னரே வரத் தொடங்கினான். அவன் கைக்கு அடங்கிய பந்து அந்த நாடகம் ஒன்றே. அதனை நான் பறித்துவிட்டேன்.

மாணவச் செல்வங்களே, ஆயத்தப் பள்ளிகளைப் போற்றுவதற்காக இதனைச் சொல்லவில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் அவற்றில் சேர முடியும். எட்டு வயதுக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் சேர்ப்பது முறையா என்று அந்நாட்டவரே கேட்கிறார்கள். முன்னாளில் பிரம்படி அங்கே மிகுதி. அவற்றையெல்லாம் அவர்களிடமே விட்டுவிடுவோம். ஆனால் படிப்பும் ஆட்டமும் கலையும் ஒன்றையொன்று தின்னும் பகைகள் அல்ல, ஒரு நாளிலேயே மூன்றுக்கும் இடம் உண்டு என்னும் கொள்கையை எடுத்துக்கொள்ளப் பணம் வேண்டியதில்லை.

உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள்; பலர் பெற்றோராவீர்கள். அந்நாளில் உங்கள் பொறுப்பிலுள்ள குழந்தையின் கையை முதலில் பாருங்கள். பிறகு பந்தைக் கொடுங்கள். இன்றோ நீங்கள் மாணவர். உங்களுக்கு நான் சொல்வது ஒன்றே. உங்கள் பெயரை அழைப்பார்களா என்று எண்ணிக் காலம் கழிக்காதீர்கள். பாட்டைப் பயின்று நில்லுங்கள். ஒருவேளை அழைப்பு வரும். வாராது போயினும் பயின்ற பாட்டு உங்களை விட்டு எங்கும் போகாது.