கீழ்ப்பாதி ஏன் சாம்பலாகிறது?

எடிட் செய்து சேமித்த ஜேபெக் படத்தில் சில சமயம் மேல்பாதி மட்டுமே தெரியும். கீழே வெறும் சாம்பல். பென்டிரைவில் சேமித்து முடியும்முன் அதைப் பிடுங்கியிருக்கலாம். எழுதப்படாத தரவை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

பாதியில் நிறம் மாறினால் காரணம் வேறு. 1992-இல் வந்த ஜேபெக் முறை, படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் சராசரி வெளிச்சமும், முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு மாறியது என்றே பதிவாகிறது. இப்படிப் பதிவாகும் குறியீடுகளின் நீளமும் ஒரே அளவல்ல. அதனால் ஒரு பிட் பிறழ்ந்தாலும் பின்வரும் கட்டங்கள் நிறம் மாறலாம், இடம் நகரலாம்.

சிறுபடம் நன்றாகத் தெரிகிறதா? நம்பிவிடாதீர்கள், அது பெரும்பாலும் கோப்பின் தொடக்கத்தில் தனியாக இருக்கும் பிரதி. பழுதான கோப்பின்மேல் மறுபடி சேமிக்காதீர்கள். நகலெடுத்து, நகலில் மட்டும் பழுதுபாருங்கள்.