வெறுந்தகரமாக நிற்கும் பழைய காரைக் கறளிலிருந்து காப்பது எப்படி?

இடம்பெயர்ந்த குடும்பத்துக்குக் காணியும் வீடும் கைவிட்டுப் போனாலும், சில வேளைகளில் ஒரு பழைய வாகனம் மட்டும் மிஞ்சிவிடுகிறது. மொறிஸ் மைனராக இருக்கலாம், ஒஸ்ரின் ஏ40 ஆக இருக்கலாம். தம்புள்ளையில் 1999ஆம் ஆண்டு பொருளாதார மத்திய நிலையம் தொடங்கியபின், சுற்றுப்புறத் தோட்டங்களின் மரக்கறி அங்கேதான் போய்ச் சேருகிறது. நாலு சாக்குக் கத்தரிக்காயையும் பூசணிக்காயையும் கொண்டுபோய் இறக்கச் சொந்த வாகனம் இருந்தால், வாடகைக் காசு வீட்டிலேயே தங்கும்.

இந்த வாகனங்களை அலட்சியமாக எண்ண வேண்டாம். 1990களில் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடை இருந்த காலத்தில், சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடியவை இந்த ஒஸ்ரின் கார்கள்தான். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனருக்கு, அதே 1990களில் இலங்கையில் உதிரிப்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர் பழைய வாகனங்களின் மதிப்பு இன்னும் ஏறியது. எனவே கையிலுள்ளதைக் காப்பதே இலாபம்.

இயந்திரம் பழுதானால் திருத்தலாம். உடல் கறள் தின்று போனால் திருத்துவது கடினம். அதிலும் பழைய தீந்தையை உரித்து, தகர வேலை செய்து, தீந்தை அடிக்கக் காசு போதாமல் வெறுந்தகரமாக நிற்கும் வாகனமே பெரிய ஆபத்தில் இருக்கிறது. அதைக் குறைந்த செலவில் காக்கும் வழிகளை இங்கே தருகிறோம்.

கறள் ஏன் பிடிக்கிறது?

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கறள் உண்டாகும். இவற்றில் ஒன்றைத் தடுத்தாலும் கறள் நின்றுவிடும். மழை பெய்தால்தான் நீர் சேரும் என்பதில்லை. தம்புள்ளை வரண்ட பிரதேசமாயினும், மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் பனி தகரத்தின்மேல் நீராகப் படிகிறது. அதுவே போதும்.

கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அத்துடன் அது பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். ஆகவே ஒருமுறை தொடங்கினால் தானாகவே உள்ளே தோண்டிச் செல்லும். பழைய கார்களின் தகரம் சுமார் ஒரு மில்லிமீற்றர் தடிப்பே கொண்டது.

உப்பு கறளை விரைவாக்கும். முல்லைத்தீவு, மன்னார் போன்ற கரையோரங்களில் இதைக் கண்டிருப்பீர்கள். தம்புள்ளையில் கடற்காற்று இல்லை. ஆனால் பசளை உண்டு. எம்.ஓ.பி எனப்படும் பொட்டாஷ் பசளையில் கறியுப்பிலுள்ள அதே குளோரைட்டு இருக்கிறது. பசளை மூடை ஏற்றிய வாகனத்தை அன்றே கழுவாவிட்டால் அடித்தட்டு முதலில் போய்விடும். மரக்கறியிலிருந்து வடியும் நீரும் அப்படியே.

இரும்பு இந்த மண்ணுக்குப் புதியதல்ல. சிகிரியாவுக்கு அண்மையில், அலகொலவெவவில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இரும்பு உருக்கிய உலைகளைத் தொல்லியலாளர் அகழ்ந்தெடுத்துள்ளனர். டில்லியிலுள்ள இரும்புத்தூண் சுமார் 1600 ஆண்டுகளாக வெளியிலே நின்றும் பெரிதாகக் கறள் ஏறவில்லை. அந்த இரும்பிலுள்ள பொசுபரசு அதன்மேல் மெல்லிய காப்புப் படையை உண்டாக்கியதே காரணம். எமது கார்த் தகரத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. காப்புப் படையை நாமே கொடுக்க வேண்டும்.

முதலில் ஒரு முடிவு

சில கிழமைகளுக்குள் தீந்தை அடிக்கப் போகிறீர்களா, அல்லது அடுத்த அறுவடை வரை பொறுக்க வேண்டுமா? இதை முதலில் தீர்மானியுங்கள். எண்ணெயோ மெழுகோ பூசிய தகரத்தில் தீந்தை ஒட்டாது. எல்லாவற்றையும் மீண்டும் கழுவ வேண்டிவரும். உடனே தீந்தை அடிப்பவர் எண்ணெய் பூச வேண்டாம். பொறுத்திருப்பவர் வெறுமையாக விட வேண்டாம்.

துப்புரவு செய்தல்

1. சவர்க்கார நீரால் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். கதவின் அடியிலுள்ள சிறு துளைகள் நீர் வடியவே விடப்பட்டவை. அவற்றில் அடைந்த மண்ணை ஈர்க்கினால் குத்தி எடுங்கள்.

2. கறள் உள்ள இடங்களை இரும்புக் கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் தேய்த்து, மினுங்கும் இரும்பு தெரியச் செய்யுங்கள். பழைய தீந்தையில் ஈயம் கலந்திருக்கக் கூடும். ஆகையால் அதை நனைத்தே தேய்க்க வேண்டும். வாய், மூக்கைத் துணியால் கட்டுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். தேய்த்த தூளைக் கிணற்றடியில் கொட்டாதீர்கள்.

3. ஆணி, பிணைச்சல் போன்ற சிறு பாகங்களைத் தென்னை வினாகிரியில் ஓரிரவு ஊறவிட்டால் கறள் இளகும். பின்னர் அப்பச்சோடா கலந்த நீரில் கழுவி, உடனே காயவைத்து எண்ணெய் பூசுங்கள். வினாகிரி மிஞ்சினால் அதுவே கறளை வரவழைக்கும்.

4. துப்புரவான தகரத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வையிலும் உப்பு உண்டு. மறுநாளே விரல் அடையாளம் கறளாகத் தெரியும்.

தேய்த்தும் போகாத குழிக்கறளுக்குப் பொஸ்போரிக் அமிலம் அல்லது தனின் சேர்ந்த கறள் மாற்றிகள் கடைகளில் உண்டு. தனின் இரும்புடன் சேர்ந்து கறுப்புப் படையாகிறது. கடும் தேயிலைச் சாயம் பட்ட கத்தி கறுப்பதும் இதனால்தான். ஆயினும் தேயிலைச் சாயம் மட்டும் காருக்குப் போதாது. அமிலம் பாவிப்பவர் கையுறை போட வேண்டும்.

எதைப் பூசலாம்?

மெழுகு: வெளித்தகரத்துக்கு இதுவே மலிவும் நல்லதும். 100 கிராம் தேன்மெழுகைச் சீவி, தகரப்பேணியில் இட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய சுடுநீருக்குள் பேணியை வைத்து உருக்குங்கள். அடுப்புக்குத் தூரத்தில் வைத்து 300 மில்லிலீற்றர் ரேப்பன்ரைன் கலந்து ஆறவிடுங்கள். களிம்புபோல வரும். துணியால் மெல்லியதாகத் தேய்த்து, காய்ந்தபின் மினுக்குங்கள்.

ஆளிவிதை எண்ணெய்: கொதிக்கவைத்த வகை, அதாவது மரத்தளபாடத்துக்குப் பூசுவது, காற்றில் உலர்ந்து தோல்போலாகும். மிக மெல்லியதாகப் பூச வேண்டும். தடித்தால் ஒட்டிக்கொண்டு தூசி பிடிக்கும். எச்சரிக்கை: இந்த எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி வைத்தால் தானாகவே தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்து விரித்துக் காயவிடுங்கள்.

கிறீஸ்: அடிப்பாகத்துக்கும் உள்மூலைகளுக்கும் ஏற்றது. பிறேக், சைலன்சர், ரயர், இறப்பர்க் குழாய்கள் எவற்றிலும் படக்கூடாது.

தேங்காய் எண்ணெய் உலராது. நாளடைவில் புளித்து அமிலமாகும். அதைத் தவிர்க்கவும். பழைய எஞ்சின் ஒயில் சும்மா கிடைக்கிறது என்பதற்காகப் பலர் பூசுகிறார்கள். அதில் அமிலமும் ஈரமும் உண்டு. மழையில் கழுவுண்டு வயலிலும் கிணற்றிலும் சேரும். இதையும் தவிர்க்க வேண்டும்.

தீந்தை அடிப்பவர்களுக்கு

சிவப்பு ஒக்சைட் அடித்தால் போதும் எனப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது அடிப்பூச்சு மட்டுமே. நுண்ணிய துளைகள் உள்ளதால் மழைநீர் ஊடுருவி, பூச்சின் கீழே கறள் வளரும். மேற்பூச்சும் அடித்தால்தான் காப்பு. முழுக்காருக்கும் காசு போதாவிட்டால் கூரை, மட்காட், கதவின் அடி எனப் பகுதி பகுதியாக முடியுங்கள். ஒவ்வொரு பகுதியையும் உரித்த அன்றே அடிப்பூச்சு இடுங்கள். கறளின்மேல் பூட்டின் அப்புவது வீண் செலவு. உள்ளே கறள் தொடர்ந்து தின்னும்.

நிறுத்தும் இடம்

எந்தப் பூச்சையும்விட ஒரு கிடுகுக் கொட்டில் மேலானது. கூரை இருக்க வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். புல்லிலும் ஈரமண்ணிலும் நிறுத்தாமல், கல்லோ சரளையோ பரப்பி அதன்மேல் நிறுத்துங்கள். பிளாஸ்ரிக் விரிப்பால் இறுக மூடினால் மண்ணின் ஆவி உள்ளே தங்கி, மூடாததைவிடக் கெடுதி விளையும். வைக்கோலை மேலே குவிப்பதும் அவ்வாறே. எலியும் வந்து சேரும். பறவை எச்சத்தை அன்றன்றே துடைத்துவிட வேண்டும்.

எப்போது பூசுவது?

ஐப்பசி மழைக்கு முன்னர் ஒருமுறை, மழை ஓய்ந்த மாசியில் ஒருமுறை முழுதாக மெழுகு பூசுங்கள். இடையில் மாதம் ஒருமுறை நீர் தெளித்துப் பாருங்கள். துளி உருண்டு நின்றால் மெழுகு இருக்கிறது. பரவிப் படிந்தால் தேய்ந்துவிட்டது. மண்ணிறப் புள்ளி கண்டால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பூசினால் போதும்.

உழவு இயந்திரத்தின் கலப்பை, மண்வெட்டி, நீர்ப்பம்பி ஆகியவற்றுக்கும் இதே முறைகள் பொருந்தும். மெழுகுக் களிம்பை இரண்டு, மூன்று குடும்பங்கள் சேர்ந்து செய்தால் செலவு இன்னும் குறையும். ஒரு சனிக்கிழமை பின்னேரத்தில் முடிகிற வேலைதான் இது. ஐப்பசிக்கு முன்னரே செய்துவிடுங்கள்.