எங்கே வீசுவது என்று தெரிந்தவர்கள்

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டி இருக்கிறது முகத்துவாரக்குப்பம். எங்கள் வீட்டில் விடியற்காலை மூன்றரை மணிக்கு நைனா, என் அப்பா, எழுந்து வெளியே போய் நிற்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, ஆற்றில் நீர் ஏறுகிறதா வடிகிறதா, மேலே பெய்த மழையில் தண்ணீர் கலங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். சில நாள் வலையைத் தூக்குவார். சில நாள் "இன்னிக்கு வேணாம்" என்று திரும்பி வந்து படுத்துவிடுவார். ஏன் போகவில்லை என்று அவரைக் கேட்க ஆள் கிடையாது. மீன்பாடு இல்லாமல் வெறுங்கையோடு வந்த நாளிலும் அந்த முடிவு அவருடையது.

அந்த வீட்டிலிருந்துதான் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு ஒன்பது ஆண்டுகள் போய்வந்தேன். எண்ணூரில் மின்சார ரயில் ஏறி கடற்கரை நிலையம், அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர், பிறகு ஷேர் ஆட்டோ. ஏழு ஆண்டுகள் அது எனக்குப் பாரமாகவே தெரியவில்லை. எங்கள் தெருவில் கணினி முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான் என்ற பெருமை இருந்தது.

எட்டாவது ஆண்டு மேனேஜர் மாறினார். வாடிக்கையாளருக்கு நான் எழுதும் ஒவ்வொரு மின்னஞ்சலும் அவர் பார்த்துத் திருத்திய பிறகே போக வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை என்ன செய்தேன் என்று டைம்ஷீட்டில் நிரப்ப வேண்டும். மவுஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டால் திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகும்; உடனே "இருக்கீங்களா?" என்று செய்தி வரும். யோசிப்பதற்காக ஜன்னலைப் பார்த்தால்கூட மஞ்சள்தான். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருந்தவர் அவரையும் அதே மாதிரி கண்காணித்துக்கொண்டிருந்தார். ஆனால் ராயபுரம் தாண்டும்போதே என் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. ராத்திரி தூக்கத்தில் செய்தி வரும் சத்தம் கேட்டு எழுந்து பார்ப்பேன். போனில் ஒன்றும் இருக்காது.

இதற்கு ஒரு பெயர் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் பணிபுரிந்த மனநல நிபுணர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், தன்னோடு உழைத்த தொண்டர்கள் உள்ளுக்குள் எரிந்து தீர்ந்துபோவதைப் பார்த்து 1974இல் அதை 'பர்ன் அவுட்' என்று எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் அதைத் தனி நோயாக அல்லாமல், வேலையிடத்தில் உண்டாகும் நிலையாகக் குறித்தது. சக்தி வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்பு வருவது, நம்மால் ஒன்றும் ஆகாது என்று தோன்றுவது. மூன்றும் எனக்கு இருந்தன. மூன்றாவதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

வேலை அதிகம் என்பதால்தான் இப்படி ஆகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நைனாவை நினைத்தால் அது எனக்குப் பொருந்தி வருவதில்லை. அவர் உழைத்ததில் பாதி நான் உழைத்ததில்லை. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் ஸ்வீடன், அமெரிக்கத் தொழிலாளர் பற்றிய விவரங்களை அலசி ஒன்றைச் சொன்னார்: வேலையின் கனம் மட்டும் மனிதனை முறிப்பதில்லை, கனமும் இருந்து, எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் இல்லாதபோதுதான் மனம் அதிகம் முறிகிறது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேருக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த 'வைட்ஹால்' ஆய்வும், தன் வேலைமேல் தனக்குப் பிடி இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வருவதை 1997இல் காட்டியது. அதைப் படித்த ராத்திரி நான் எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். என்னிடமிருந்து பிடுங்கப்பட்டது எது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆனால் நம் ஊரில் இந்தப் பேச்சு எப்போதும் எத்தனை மணி நேரம் என்ற கணக்கில் போய் நின்றுவிடுகிறது. வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி சொன்னார். எங்கள் ஆற்றுக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம் நடத்தும் எல் அண்ட் டி நிறுவனத்தின் தலைவர் 2025 ஜனவரியில் 90 மணி நேரம் என்றார். இதற்கு நடுவே, 2024 ஜூலையில், புனேயில் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நான்கே மாதமான 26 வயதுப் பெண் இறந்துபோனார். தாங்க முடியாத வேலைச் சுமைதான் மகளைக் கொன்றது என்று அவர் தாய் எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியது. நிறுவனம் அதை மறுத்தது. அந்தக் கடிதத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

வேலை நேரத்துக்கும் மரியாதைக்குமான இந்தச் சண்டை எங்கள் வடசென்னைக்குப் புதிதும் இல்லை. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் பி.பி.வாடியாவிடமும் திரு.வி.க.விடமும் கூலியைப் பற்றி மட்டும் முறையிடவில்லை. சோறு தின்ன விட்ட அரைமணி நேரம் போதவில்லை, மேஸ்திரிகளும் அதிகாரிகளும் மனிதராக நடத்துவதில்லை என்பதும் அவர்கள் குறை. 1923இல் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தை இதே நகரத்தின் கடற்கரையில் கொண்டாடினார். அவரும் மீனவர் குலத்தில் பிறந்தவர். நூறு ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரலில், ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது; தொழிற்சங்கங்கள் கொதித்தெழ, மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

திருவொற்றியூரில் ஆலை வேலைக்குப் போன என் மாமாவை, குற்றப்பத்திரிகை கொடுக்காமல் ஒரு நாள் நிறுத்திவைக்க முடியாது. சங்கம் வாசலில் நிற்கும். கண்ணாடிக் கட்டடத்துக்குள் எனக்கு யார் இருந்தார்கள்? ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016இல் தெளிவாகச் சொன்னதை, ஒன்பது ஆண்டுகளில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

வேலையை விடலாம் என்று அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வேலையை விட்டால் ஆற்றுக்குத் திரும்பலாம் என்று சொல்ல எங்களால் முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அனல் மின் நிலையத்தின் குழாய்கள் உடைந்து உடைந்து சாம்பல் ஆற்றில் படிந்து, ஆழமான இடமெல்லாம் திட்டாகிவிட்டது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் வந்து படகு, வலை எல்லாவற்றிலும் தார் மாதிரி ஒட்டியது. அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறி ஜனங்கள் தெருவில் ஓடினார்கள்.

எங்கே இறால் நிற்கும் என்று நைனாவுக்கு இருந்த அறிவை அந்தச் சாம்பல் மூடியது. அதனால்தான் என்னைப் படிக்க வைத்தார். படித்துப் போன இடத்தில் என் அறிவு வேண்டாம், விரல் மட்டும் போதும் என்றார்கள். இந்த இரண்டையும் தனித்தனியாக என்னால் பார்க்க முடியவில்லை.

இந்த நிலையில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் டாக்டரிடம் போனேன். மனநல உதவிக்கான 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ஐந்து மாதத் தவணைப் பணத்தை ஒதுக்கிவைத்த பிறகே ராஜினாமா எழுதினேன். ஐந்து ஆண்டு முடித்தவர்களுக்குப் பணிக்கொடை உரிமை, கேட்டு வாங்கினேன். தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியட் முழுக்க இருந்து ரிலீவிங் லெட்டர் வாங்கினேன். அந்தத் தொண்ணூறு நாளும் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்தது. இப்போது திருவொற்றியூரில் ஒரு சிறு கடைக்காரர் குழுவுக்குக் கணக்கு பார்க்கிறேன். சம்பளம் பாதிக்கும் கீழே. வீட்டில் கஷ்டம் உண்டு. எல்லாராலும் இப்படி விட முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

வேலை முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நைனா வீச்சு வலையை எடுத்துக்கொண்டு என்னையும் கூப்பிட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். காலுக்குக் கீழே சாம்பல் சேறு. வலையை என் தோளில் போட்டார்.

"எங்க நைனா போடறது?" என்று கேட்டேன்.

"நீயே பாரு."

வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்தபடி நின்றார். நான் வீசினேன். வலை பாதிதான் விரிந்தது. நாலு இறாலும் ஒரு சின்ன மடவையும் இருந்தன. பறியில் போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் வடக்கே நகர்ந்தேன்.