இளைத்த உடல் மீண்டும் பருப்பது ஏன்?

தைப்பூச விரதத்தில் இளைத்தவர் சிலர், சித்திரைக்குள் பழைய உடம்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். தோட்டத்தில் நாலுபேர் கேலி செய்கிறார்கள்: “வாயைக் கட்டத் தெரியவில்லை!” இது நியாயமன்று.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவே கொடுத்தார். எடையில் ஏறத்தாழ கால் பங்கு கரைந்தது. உடலோ பஞ்சம் வந்ததுபோல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது, நாடித்துடிப்புகூடத் தளர்ந்தது. பிறகு தாராளமாக உண்ண விட்டபோது, எவ்வளவு தின்றும் பசி அடங்கவில்லை. இழந்த கொழுப்பு முன்னிருந்ததையும் மிஞ்சிச் சேர்ந்தது.

ஆகவே, புத்தாண்டில் பத்தியம் தொடங்க நினைப்பவர், ‘அடுத்த தீபாவளியிலும் இப்படியே சாப்பிடுவேனா?’ என்று கேட்டுக்கொள்ளட்டும். இல்லையென்றால் தொடங்காதிருப்பதே மேல். டின்பால் தேநீர் நாலு குவளை குடிப்பவர் இரண்டாக்கலாம். நெல் விளையும் தஞ்சோங் காராங்கில் சோற்றை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஓர் அகப்பை குறைத்து, கீரையைக் கூட்டுங்கள். மாலையில் வாய்க்கால் ஓரமாக அரைமணி நடங்கள்.

நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும், உணவைக் குறைக்குமுன் கிளினிக்கில் கேட்டுவிட வேண்டும். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும்.